படத்தைக் குறையுங்க, பார்க்கிறவங்க கூடுவாங்க

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தருகிறோம்.)



பி.காம். படித்துவிட்டு வங்கியில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கும் வலைத்தளத்துப் படங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் நினைக்கலாம். சம்பந்தம் இருக்குதுங்க. படத்தைச் சிறிதாக்கி, தெளிவு கெடாமல், வேகமாக அனுப்பும் வேலையை இந்த நாட்டில் வங்கிகளும் பெரிய அளவில் செய்துகொண்டிருக்கின்றன. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

நம் சங்கத்தின் தளத்தில் பொங்கல் நோம்பிப் படங்கள், தண்ணீர் விடும் நேரம், லிஃப்ட் பழுது பார்க்கும் நாள், மாதக் கணக்கு எல்லாம் போடுகிறோம். போடுகிறவர்கள் சம்பளம் வாங்காமல், வீட்டு வேலைக்கு நடுவே செய்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. போட்டதை எத்தனை பேரால் திறந்து பார்க்க முடிகிறது என்பதுதான் என் கேள்வி.

எடை என்றால் என்ன?

இப்போதைய சாதாரண போன் கேமராவில் எடுத்த படம் ஒன்று அகலத்தில் 4000 புள்ளி, உயரத்தில் 3000 புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 1 கோடியே 20 லட்சம் புள்ளி. இந்தப் புள்ளியைத்தான் பிக்சல் என்கிறார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். அப்படியே எழுதி வைத்தால் ஒரு படம் 3 கோடியே 60 லட்சம் பைட், அதாவது 36 எம்.பி. போன் அதைச் சுருக்கிச் சேமிப்பதால் நம் கைக்கு 3, 4 எம்.பி. அளவில் வருகிறது. டெல்லியில் உட்காரும் எம்.பி. இல்லீங்க, இது மெகாபைட்.

நோம்பிக்கு இப்படி 20 படம் ஒரே பக்கத்தில் போட்டால் 80 எம்.பி. ஆகிறது. 120 வீட்டுக்காரர்கள் ஆளுக்கு ஒரு முறை திறந்தால் 9,600 எம்.பி., கிட்டத்தட்ட பத்து ஜி.பி. விநாடிக்கு 4 மெகாபிட் வேகம் வருகிற போனில் 80 எம்.பி. பக்கம் முழுதாக வர 160 விநாடி ஆகும். இரண்டரை நிமிடத்துக்கு மேல். பைபர் இணைப்பு உள்ள வீட்டில் இது தெரியாது. அடித்தளத்தில் சிக்னல் கிடைக்காமல் நிற்கிறவருக்கும், நாளைக்கு ஒன்றரை ஜி.பி. திட்டத்தில் காலம் ஓட்டும் காவலாளிக்கும் தெரியும். அவருடைய அன்றைய அளவில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு, நம் கோலப்போட்டிப் படத்துக்கே போய்விடுகிறது.

அதே படத்தை 1200 புள்ளி அகலத்துக்குக் குறைத்தால் உயரம் 900 ஆகும். மொத்தம் 10 லட்சத்து 80 ஆயிரம் புள்ளி, பழைய அளவில் பதினொன்றில் ஒரு பங்கு. அளவாகச் சுருக்கிச் சேமித்தால் பெரும்பாலான படங்கள் 200 கே.பி. சுற்றளவில் வந்துவிடும். 20 படம் 4 எம்.பி. அதே 4 மெகாபிட் வேகத்தில் 8 விநாடி. படம் மங்கிவிடாதா என்று கேட்பீர்கள். நம்மில் பெரும்பாலோர் கையில் இருக்கும் போன் திரையின் அகலமே 1080 புள்ளி அளவுதான். திரையில் இல்லாத புள்ளியை எங்கே காட்டுவது? மீதிப் புள்ளிகள் உங்கள் காசில் இறங்கி, யாரும் பார்க்காமலே போகின்றன. பக்கத்தில் படம் தீப்பெட்டி அளவில் தெரிந்தாலும், மூலப்படம் 4 எம்.பி. என்றால் இறங்குவது 4 எம்.பி.தான். சிறிதாகக் காட்டுவது வேறு, சிறிதாக்கி வைப்பது வேறு. இந்த ஒரு வித்தியாசம் புரிந்தால் இன்றைய பேச்சில் பாதி முடிந்தது.

நம்மில் மில்லில் வேலை பார்த்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு நூல் கவுண்ட் சொன்னால் போதும். கவுண்ட் ஏற ஏற நூல் மெலிசு. மெலிசான நூல் உசத்திதான், விலையும் அதிகம். அதற்காகத் தலை துவட்டும் துண்டுக்கு யாராவது 100 கவுண்ட் நூல் போடுவார்களா? என்ன துணி என்று பார்த்துத்தான் நூல். எங்கே, யார், எதற்குப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டுதான் படம்.

காசோலை கற்றுக்கொடுத்த பாடம்

இப்போது வங்கிக்கு வருகிறேன்.

முன்பெல்லாம் நீங்கள் போடும் காசோலை காகிதமாகவே பயணம் செய்யும். கட்டுக் கட்டாகத் தீர்வகத்துக்குப் போகும், அங்கே வங்கி வங்கியாகப் பிரிப்பார்கள், அந்தந்தக் கிளைக்குப் போகும், கையெழுத்தைச் சரிபார்ப்பார்கள். காசோலையின் கீழே இருக்கும் காந்த மை எண்களில் ஊருக்கான மூன்று இலக்கம் வரும். கோவைக்கு 641, நம் அஞ்சல் குறியீட்டின் முதல் மூன்று எண்ணேதான். வெளியூர்க் காசோலை என்றால் தபாலில் போய் வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வழியில் தொலைந்தால் இன்னும் அலைச்சல்.

2002ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தைத் திருத்தினார்கள். காசோலையின் மின்படத்துக்குச் சட்டப்படி இடம் கிடைத்தது. ரிசர்வ் வங்கி 2008 பிப்ரவரியில் டெல்லியில் புதிய முறையைத் தொடங்கியது. 2011 செப்டம்பரில் சென்னைக்கு வந்தது, பிறகு கோவையும் அந்தத் தொகுப்பில் சேர்ந்தது. இதை சி.டி.எஸ். என்பார்கள். காசோலைக் காகிதம் நீங்கள் போட்ட வங்கியிலேயே நின்றுவிடும். படமும் எண்களும் மட்டும் போகும். 2021ஆம் ஆண்டு நாட்டின் எல்லா வங்கிக் கிளைகளும் இந்த முறைக்குள் வர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது.

இதில் நம் பாடம் எங்கே இருக்கிறது என்றால், அந்தப் படங்களின் அளவில் இருக்கிறது. ஒரு காசோலைக்கு மூன்று படம் எடுக்கிறார்கள். முன்பக்கத்துக்குச் சாம்பல் நிறப் படம், அங்குலத்துக்கு 100 புள்ளி, ஜேபெக் வகை. முன்பக்கத்துக்கே இன்னொரு படம், வெறும் கறுப்பு வெள்ளை, அங்குலத்துக்கு 200 புள்ளி, டிஃப் வகை. பின்பக்கத்துக்கு அதேபோல் கறுப்பு வெள்ளை, 200 புள்ளி.

காசோலை சுமார் 8 அங்குல அகலம். அப்படியானால் சாம்பல் நிறப் படத்தின் அகலம் ஏறக்குறைய 800 புள்ளிதான். கோடிக்கணக்கான ரூபாய் கை மாறுவதற்கு 800 புள்ளி அகலம் போதும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். நம் கோலப்போட்டிக்கு 4000 புள்ளி வைத்திருக்கிறோம்.

ஏன் மூன்று படம்? ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. கையெழுத்தின் அழுத்தம், மையின் ஏற்ற இறக்கம், காகிதத்தின் சாயல் தெரியச் சாம்பல் நிறம் வேண்டும். அதற்குப் புள்ளி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. எழுத்தும் எண்ணும் கூர்மையாகத் தெரியக் கறுப்பு வெள்ளை போதும், ஆனால் புள்ளி நெருக்கமாக வேண்டும். கறுப்பு வெள்ளையில் ஒரு புள்ளிக்கு மூன்று எண் தேவையில்லை, உண்டு அல்லது இல்லை என்ற ஒரு குறி போதும். அதனால் புள்ளி நான்கு மடங்கு கூடினாலும் எடை ஏறுவதில்லை.

வண்ணப் படமே அனுப்பக் கூடாதா என்று கேட்கலாம். ஒரு நாளைக்கு நாடு முழுவதும் போகும் காசோலைகளை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் மிச்சமாகும் சில கே.பி. சேர்ந்தால் மலையாகிவிடும். படம் சிறிது என்பதால்தான் காசோலையின் வடிவத்திலேயே ஒழுங்கு கொண்டுவந்தார்கள். பின்னணி வெளிர்நிறமாக இருக்க வேண்டும், ரப்பர் முத்திரை தேதி மேலும் பெயர் மேலும் விழக் கூடாது, அடித்துத் திருத்தக் கூடாது, கருமையான மையில் எழுதுவது நல்லது என்றெல்லாம் சொன்னது அதற்காகத்தான். அதாவது படம் எடுத்த பிறகு சரிசெய்வதை விட, எடுக்கும் முன்பே பொருளைச் சரியாக வைப்பது மேல். நம் அறிவிப்புப் பலகைக்கும் இது பொருந்தும்.

இன்னொன்றும் கவனியுங்கள். படம் போய்விட்டது என்று காகிதத்தைக் கிழித்துப் போடுவதில்லை. படம் அனுப்பிய வங்கி அசல் காசோலையைப் பத்து ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இதையும் மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

சுருக்குவது எப்படி நடக்கிறது?

ஜேபெக் என்று ஒரு சொல் சொன்னேன். நாம் அன்றாடம் பார்க்கும் புகைப்படங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். இதன் அடிப்படைக் கணக்கைக் கண்டுபிடித்ததில் நம் பக்கத்து ஆட்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பெங்களூரில் பிறந்து அங்கேயே பொறியியல் படித்து அமெரிக்கா சென்ற நசீர் அகமது, இந்தக் கணக்கை ஆராய 1972இல் அங்குள்ள தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. இருந்தும் அவர் விடவில்லை. அவருடைய மாணவர் நடராஜன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்ற கே.ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். நாலே பக்கம். அந்தக் கணக்கை அடித்தளமாக வைத்து 1992இல் ஜேபெக் தரம் வந்தது. இன்று பேரன் பேத்தி படம் அமெரிக்காவிலிருந்து நொடியில் வருகிறது என்றால் அந்த நாலு பக்கத்துக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

அது என்ன கணக்கு? படத்தை 8க்கு 8 என்று சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு கட்டத்தில் 64 புள்ளி. அந்த 64 புள்ளியை அப்படியே எழுதாமல், 64 வகை அலைக் கோலங்களில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று எழுதுகிறார்கள். முதல் எண் கட்டத்தின் சராசரி வெளிச்சம். மற்றவை வெளிச்சம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதைச் சொல்லும். மருதமலைக்கு மேலே வெறும் வானம் என்றால் முதல் எண்ணைத் தவிர மற்றதெல்லாம் ஏறக்குறைய சுழியம்.

அடுத்ததுதான் வங்கிக்காரனுக்குப் பிடித்த இடம். அந்தச் சிறிய எண்களை முழுமையாக்கிவிடுகிறார்கள். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 288ஏ பிரிவின்படி மொத்த வருமானத்தைப் பத்து ரூபாயின் மடங்காக முழுமையாக்கி வந்தது கணக்குத் தெரிந்தவர்களுக்கு நினைவிருக்கும். அதே வேலைதான். கண்ணுக்குத் தெரியாத சில்லறையைத் தள்ளிவிடுவது. நம் கண் வெளிச்ச வேறுபாட்டை நன்றாகப் பிடிக்கும், வண்ண வேறுபாட்டை அவ்வளவு நுட்பமாகப் பிடிக்காது. அதனால் வண்ணத்தில் சில்லறை இன்னும் தாராளமாகத் தள்ளப்படுகிறது. சேமிக்கும்போது தரம் 80, தரம் 60 என்று கேட்கிறதே, அது எந்த அளவுக்கு முழுமையாக்கலாம் என்று உங்களைக் கேட்பதுதான்.

முழுமையாக்குவதில் ஓர் ஆபத்து உண்டு. ஒரு முறை செய்தால் நட்டமில்லை. ஏற்கெனவே முழுமையாக்கிய தொகையை மறுபடி மறுபடி முழுமையாக்கினால் அசல் தொகை காணாமல் போய்விடும். தள்ளிவிட்ட சில்லறை திரும்ப வராது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வெட்டி, சேமித்து, இன்னொருவருக்கு அனுப்பி, அவர் மறுபடி சுருக்கித் தளத்தில் ஏற்றினால் முகமெல்லாம் களிமண்ணில் செய்தது மாதிரி ஆவது இதனால்தான். எனவே அசல் படம் ஒரு இடத்தில் பத்திரமாக இருக்க வேண்டும். சுருக்குவது எப்போதும் அசலிலிருந்தே, ஒரே முறை. வங்கி அசல் காசோலையை வைத்திருப்பதைச் சொன்னேனே, அதே முறைதான்.

என்ன வகைக்கு என்ன படம்?

மனிதர், மரம், கோலம், கோயில் என்று கேமராவில் எடுத்தவற்றுக்கு ஜேபெக். வெப்பி என்று 2010இல் கூகுள் கொண்டுவந்த வகையும் உண்டு. அதே தரத்தில் ஜேபெக்கை விட நான்கில் ஒரு பங்குக்கு மேல் எடை குறையும் என்று கூகுள் சொல்கிறது. இப்போதைய உலாவிகள் எல்லாம் அதைத் திறக்கும்.

எழுத்து, கோடு, அட்டவணை, சங்கச் சின்னம் போன்றவற்றுக்குப் பி.என்.ஜி. இதில் சில்லறை தள்ளப்படுவதில்லை, எழுத்தின் விளிம்பு கூர்மையாக நிற்கும். இதே எழுத்தை ஜேபெக்கில் அழுத்திச் சுருக்கினால் எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்த மாதிரிப் புள்ளிகள் வரும். மாறாக, புகைப்படத்தைப் பி.என்.ஜி.யில் சேமித்தால் எடை பல மடங்கு ஏறிவிடும். சின்னத்துக்கு எஸ்.வி.ஜி. கிடைத்தால் இன்னும் நல்லது. எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது.

ஐபோன் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2017 முதல் அது எச்.இ.ஐ.சி. என்ற வகையில் சேமிக்கிறது. பல உலாவிகள் அதைக் காட்டாது. ஜேபெக்காக மாற்றித்தான் ஏற்ற வேண்டும்.

செய்முறை

விண்டோஸ் கணினியில் பெயிண்ட் எல்லோரிடமும் இருக்கிறது. படத்தைத் திறங்கள். தேவையில்லாத தரையையும் வானத்தையும் முதலில் வெட்டுங்கள். பிறகு ரீசைஸ் என்பதை அழுத்தி, பிக்சல் என்பதைத் தேர்ந்து, அகலத்தில் 1200 என்று போடுங்கள். அகலமும் உயரமும் ஒரே விகிதத்தில் மாற வேண்டும் என்ற குறி இருக்கட்டும். இல்லாவிட்டால் தலைவர் ஒல்லியாகவும் செயலாளர் குண்டாகவும் வருவார். கடைசியில் வேறு பெயரில் சேமியுங்கள். அதே பெயரில் சேமித்தால் அசல் போய்விடும்.

தரத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டுமானால் ஸ்குவூஷ் என்ற இலவசக் கருவி இருக்கிறது. உலாவியிலேயே வேலை செய்யும், உங்கள் படம் யாருடைய கணினிக்கும் போகாது. நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் அசல், வலப்பக்கம் சுருக்கியது. கோட்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்து, வித்தியாசம் தெரியாத இடம் வரை தரத்தைக் குறைக்கலாம். பெரும்பாலும் 75 முதல் 80க்குள் நின்றுவிடும்.

அளவுகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முகப்பின் பெரிய படம் 1600 புள்ளி அகலம். நிகழ்ச்சிப் படம் 1200. வரிசையாகக் காட்டும் சிறு படம் 400. நிகழ்ச்சிக்கு 20 படம் போடுவதற்குப் பதில் நல்ல 8 படம் போட்டால் அதுவே பெரிய சுருக்கம்.

வங்கித் தேர்வு எழுதும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களைக் கேளுங்கள், இந்தக் கலை அவர்களுக்கு அத்துப்படி. ஐ.பி.பி.எஸ். விண்ணப்பத்தில் புகைப்படம் 200க்கு 230 புள்ளி, 20 முதல் 50 கே.பி.க்குள், கையெழுத்து 140க்கு 60 புள்ளி, 10 முதல் 20 கே.பி.க்குள் என்று கேட்பார்கள். கூடினாலும் ஏற்காது, குறைந்தாலும் ஏற்காது.

தளத்தைப் பராமரிக்கும் தம்பிகளுக்கு இரண்டு வார்த்தை. ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் இரண்டையும் குறிப்பிட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் படம் வந்து விழும்போது பக்கம் குதிக்கும். வயதானவர்கள் ஒன்றை அழுத்தப் போய் இன்னொன்றை அழுத்திவிடுவார்கள். அடுத்து, கீழே இருக்கும் படங்கள் வாசகர் அங்கே வரும்போது மட்டும் இறங்கும்படி செய்யுங்கள். ஒரு சொல் சேர்த்தால் போதும், உங்களுக்கே தெரியும். படத்துக்கு மாற்று உரையும் எழுதுங்கள். பார்வையில்லாதவரின் போன் அதைத்தான் வாசித்துக் காட்டும். வெறும் எண்ணாக இருக்கும் கோப்புப் பெயரை வாசித்தால் அவருக்கு என்ன புரியும்?

அறிவிப்பைப் படம் எடுக்காதீர்கள்

நான் இன்று பேச வந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான். சிறுவாணித் தண்ணீர் என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று எழுதி, பலகையில் ஒட்டி, அதைப் போனில் படம் எடுத்துத் தளத்தில் போடுகிறோம். அந்தப் படம் 3 எம்.பி. அதே அறிவிப்பைத் தமிழில் தட்டச்சு செய்தால்? ஒருங்குறியில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். 1500 குறி உள்ள முழுப் பக்கமே நாலரை கே.பி.தான். படம் அதைப்போல் 600 மடங்குக்கு மேல்.

எடை மட்டும் இல்லை. தட்டச்சு செய்ததைப் பெரிதாக்கிப் படிக்கலாம். போன் வாசித்துச் சொல்லும். தேடினால் கிடைக்கும். படத்தில் இருந்தால் தேடலுக்குக் கிடைக்காது, கண்புரை அறுவை செய்துகொண்டவர் விரலால் இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். தனியாக இருக்கும் பெரியவர் ஒருவர், லிஃப்ட் நாளை ஓடாது என்று தெரியாமல் காலையில் மருத்துவமனைக்குக் கிளம்பி, ஐந்தாவது மாடியில் நிற்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது. அறிவிப்பு என்பது அலங்காரம் இல்லை. அதற்கு வேகம்தான் முக்கியம்.

ரசீதுகள்

நான் கணக்குக்காரன், இதைச் சொல்லாமல் விட முடியாது. ஆண்டுக்கு 400 ரசீது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் 3 எம்.பி. வண்ணப் படமாக ஏற்றினால் 1.2 ஜி.பி. யார் திறப்பார்கள்? துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் அனுப்புகிறவர்களுக்கு இந்தத் தளம்தான் சங்க அலுவலகம். திறக்க முடியாத கணக்கும் காட்டாத கணக்கும் ஒன்றுதான். பிறகு சந்தேகம் வரும், பேச்சு வரும், பொதுக்குழுவில் சத்தம் வரும்.

காசோலையின் வழியைப் பின்பற்றுங்கள். அச்சிட்ட ரசீதுக்குக் கறுப்பு வெள்ளை, அங்குலத்துக்கு 200 புள்ளி. ஒரு பக்கம் பெரும்பாலும் 100 கே.பி.க்குள் அடங்கும். 400 ரசீது 40 எம்.பி. மாதம் ஒரு பி.டி.எஃப். ஆகப் பிரித்தால் ஒவ்வொன்றும் மூன்றரை எம்.பி.க்குள். யாரும் திறக்கலாம். கையெழுத்து, முத்திரை, மங்கிய எழுத்து உள்ளவற்றுக்குச் சாம்பல் நிறம். ஜெனரேட்டருக்கு டீசல் போட்ட பில் போல வெப்பத்தாளில் வருபவை சில மாதத்தில் வெற்றுத்தாள் ஆகிவிடும். வந்த அன்றே ஸ்கேன் செய்யுங்கள். தணிக்கையின்போது வெள்ளைத் தாளைக் காட்டி டீசல் வாங்கினேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஏற்றும் முன் வங்கிக் கணக்கு எண், போன் எண், ஆதார் எண் இவற்றை மறையுங்கள். பி.டி.எஃப். மேலே ஒரு கறுப்புக் கட்டம் ஒட்டினால் அடியில் எழுத்து அப்படியே இருக்கலாம். மறைத்தபின் படமாகச் சேமித்து, அந்தப் படத்தைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு.

படத்துக்குள் ஒளிந்திருப்பது

கடைசியாக ஒன்று. போனில் எடுத்த படத்துக்குள் தேதி, நேரம், போன் மாதிரி, அனுமதி கொடுத்திருந்தால் எடுத்த இடத்தின் துல்லியமான குறியீடு எல்லாம் எழுத்தாக இருக்கும். உங்கள் வீட்டு மாடியில் எடுத்த பேத்தி படத்தை அப்படியே ஏற்றினால், முகமும் முகவரியும் சேர்ந்தே போகும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும், ஆவணமாக அனுப்பினால் நீங்காது. ஏற்றும் முன் போனில் அந்தப் படத்தின் விவரத்தைத் திறந்து இடத்தை நீக்குங்கள். கேமராவில் இடம் பதியும் வசதியை அணைத்துவிட்டால் இன்னும் நிம்மதி. 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்றே கொள்கிறது, அவர்கள் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் இருக்கட்டும். அடுத்த வீட்டுக் குழந்தையின் படத்தைப் பொதுவெளியில் போடும் முன் அந்தத் தாயிடம் "அம்மணி, போட்டுக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்பது நம் ஊர் மரியாதை.

என் வேண்டுகோள்

நான் மூன்று யோசனை வைக்கிறேன், நிர்வாகக் குழு பரிசீலிக்கட்டும். முதலாவது, இனி எந்த அறிவிப்பும் தட்டச்சு செய்த எழுத்தாகவே தளத்தில் வர வேண்டும். பலகைக்கு அச்சுப்படி போதும். இரண்டாவது, 300 கே.பி.க்கு மேல் எந்தப் புகைப்படத்தையும் தளம் ஏற்காதபடி ஒரு வரம்பு வைக்கலாம். தேர்வு விண்ணப்பத்தில் செய்கிறார்களே, நாமும் செய்யலாம். மூன்றாவது, அசல் படங்களும் அசல் ரசீதுகளும் இரண்டு வன்தட்டில், இரண்டு வெவ்வேறு வீட்டில் இருக்கட்டும்.

பழைய படங்களைக் குறைத்துக் கொடுக்க ஆள் வேண்டும். ஞாயிறு தோறும் காலை 10 முதல் 12 வரை நூலக அறையில் நான் இருப்பேன். கோடை விடுமுறைப் பிள்ளைகள் நாலு பேர் வந்தால் இரண்டு மாதத்தில் மொத்தத்தையும் முடித்துவிடலாம். பெயிண்ட் தெரியாத பெரியவர்களும் வரலாம், அரை மணி நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடுகிறேன். காபி சங்கச் செலவில் இல்லை, என் செலவில். அதற்கு ரசீதும் கேட்க வேண்டாம்.